பக்கத்து ரூம் கம்ப்யூட்டரைக் காணலியாம்!

வா மருமவனே, உக்காரு. மூஞ்சி ஏன் இப்படித் தொங்கிக் கெடக்கு? ஒங்கம்மா எல்லாத்தையும் சொன்னா. காலையிலேர்ந்து பென்டிரைவைத் தூக்கிக்கிட்டு மாடிக்கும் கீழுக்குமா நடையா நடக்கியாம். மாடியில ஒன் லேப்டாப்பு, கீழ ஒங்கப்பாவோட பழைய டெஸ்க்டாப்பு. ஒண்ணை ஒண்ணு பாக்க மாட்டேங்குதாம். ராத்திரி பத்து மணிக்கு மேல அமெரிக்காக்காரன்கிட்ட "என் ஸ்கிரீன் தெரியுதா, என் ஸ்கிரீன் தெரியுதா"ன்னு கேக்கியே, அவனுக்கு நல்லாத் தெரியுது. கீழ கெடக்குற பெட்டிக்குத்தான் தெரியலியாக்கும். நல்ல உத்தியோகம்லே!

அதைவிடக் கூத்து, ஒங்க தாத்தாவோட சதாபிஷேகப் போட்டோவை வாட்ஸ்அப்புல ஒனக்கு நீயே அனுப்பிக்கிட்டியாமே? அது படத்தைச் சுருக்கி அனுப்பிச்சு, தாத்தா மூஞ்சி அவிச்ச கெழங்கு மாதிரி வந்து சேந்துச்சாம். வீட்டுக்குள்ளேயே சாதாரண கேபிள் போட்டா செகண்டுக்கு நூறு மெகாபைட் போகும். அது ஊரைச் சுத்தி, கடலைத் தாண்டி, எங்கயோ ஒரு சர்வர்ல ஏறி எறங்கி வரணுமா?

இந்த மாமன் டெலிபோன் இலாகாவுல கம்பம் ஏறுன லைன்மேன்தான். கோட்டு சூட்டுப் போட்டு மீட்டிங்குல உக்காந்தவன் இல்ல. ஆனா ஃபால்ட்டு தேடுறதுல ஒரு ஒழுங்கு உண்டு, அது எனக்குத் தெரியும். போன் வேலை செய்யலைன்னு புகார் வந்தா முதல்ல கேக்குறது, டோன் வருதா வரலியா? அதுக்குப் பெறகுதான் ஏணியைத் தொடுவோம். நீ ஏணியில ஏறி உச்சியில நின்னுக்கிட்டு, இனி என்ன பண்ணலாம்னு யோசிக்கே.

புகாரைச் சரியாச் சொல்லு. நெட்வொர்க்குன்னு ஒரு ஜன்னல் திறக்குமே, அதுல அந்த மெஷின் பேரே வரலியா? இல்ல, பேரு வருது, கிளிக் பண்ணுனா திறக்க மாட்டேங்குதா? அதுவும் இல்லாம, திறந்து பாஸ்வேர்டு கேட்டுட்டு "நீ யாரு"ன்னு வெரட்டுதா? ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. நீ எல்லாத்துக்கும் சேத்து ஒரே வைத்தியமா மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனே. ஒங்கம்மா பாத்துக்கிட்டிருந்த சீரியல் நின்னுபோயி நாலு தெருவுக்கு வசவு கேட்டதுதான் மிச்சம்.

சரி, ரெண்டு மெஷின்லயும் கமாண்ட் பிராம்ப்ட்டுங்கிற அந்தக் கறுப்பு ஜன்னலைத் திற. ஐபிகான்ஃபிக்னு அடி. ஐபிவி4 அட்ரஸ்னு ஒரு நம்பர் வரும், வாசிச்சுச் சொல்லு. கீழ 192.168.1.7. மாடியில? 192.168.0.103. அட, அட, அட! மொத்த ரகசியமும் அந்த மூணாவது எண்ணுல கெடக்கு, நீ அதைப் பாக்காம விண்டோஸைத் திரும்ப இன்ஸ்டால் பண்ணலாமான்னு ஃபிரெண்டுகிட்ட கேட்டுக்கிட்டிருந்தியாம்.

வீட்டு மெஷினுக்கெல்லாம் சப்நெட் மாஸ்க்குன்னு 255.255.255.0 போட்டிருக்கும். அப்படின்னா மொத மூணு எண்ணும் ஒண்ணா இருக்கிறவன்தான் ஒரே நெட்வொர்க்கு. ஒனக்கு ஒண்ணு, ஒங்கப்பாவுக்கு ஒண்ணுன்னு ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு நெட்வொர்க்கு ஓடுது. பாகப்பிரிவினை எப்பலே நடந்துச்சு? எனக்குச் சொல்லவே இல்லையே!

நடந்தது இதுதான். இன்டர்நெட் கம்பெனிக்காரன் ஃபைபர் இழுத்து வச்சுட்டுப் போன வெள்ளைப் பெட்டி இருக்கே, அதை மோடம்னு சொல்லிக்கிட்டிருக்கே. அது மோடம் மட்டும் இல்ல, ரவுட்டரும் அதுதான். நம்பர் குடுக்குற வேலையும் அதுதான் பாக்குது. மாடியில சிக்னல் வரலைன்னு நாலு கொம்பு வச்ச இன்னொரு ரவுட்டரை ஆன்லைன்ல வாங்கி, கீழேருந்து வந்த கேபிளை அதோட வேன் ஓட்டையில சொருகுனே. அது என்ன நெனைச்சுக்கிடும்? "இந்தப் பக்கம் வெளியுலகம், என் பக்கம் என் ராஜ்ஜியம்"னு தனியா நம்பர் குடுக்க ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு ரவுட்டர், ரெண்டு தடவை முகவரி மாத்தம். இதைத்தான் ஒங்க ஆளுக டபுள் நாட்னு சொல்லுதாக.

இதுல ஒரு வேடிக்கை கேளு. மாடியிலேருந்து கீழ டெஸ்க்டாப்பை நம்பர் சொல்லிக் கூப்பிட்டா, பல நேரம் போய்ச் சேரும். ஏன்னா மாடி ரவுட்டருக்கு டெஸ்க்டாப்பும் வெளியுலகத்துல ஒண்ணுதான், வெளிய போறவனை அது தடுக்காது. கீழேருந்து மாடிக்குக் கூப்பிட்டா வாசல்லயே நிறுத்திரும். அதனாலதான் ஒங்கப்பா "என்னுதுலேருந்து வரவே இல்லடா"ங்காரு, நீ "எனக்கு ஒருக்க வந்துச்சே"ங்கே. ரெண்டு பேரு சொல்லுறதும் நிசம். ஆனா பேரைச் சத்தம் போட்டுச் சொல்லுற அறிவிப்பெல்லாம் அந்த நெட்வொர்க்கைத் தாண்டாது. அதனால ஜன்னல்ல மட்டும் ரெண்டு பக்கமும் பேரு வராது.

வைத்தியம் லேசு. மாடி ரவுட்டர்ல அக்சஸ் பாயின்ட் மோடுன்னு ஒண்ணு இருந்தா அதைப் போடு. இல்லைன்னா அது நம்பர் குடுக்குற வேலையை, அதாவது டிஹெச்சிபியை, நிறுத்து, அதோட நம்பரைக் கீழ்ப் பெட்டியோட வரிசைக்கு, வேற யாருக்கும் குடுக்காத எண்ணா மாத்து, கேபிளை வேன் ஓட்டையிலேருந்து உருவி லேன் ஓட்டையில குத்து. கேபிளை லேன் ஓட்டையில குத்துறதைக் கடைசியாத்தான் செய்யணும். கேபிளை முதல்ல மாத்திட்டே, அப்புறம் ரெண்டு பேரும் போட்டி போட்டு நம்பர் குடுப்பான், நீ மறுபடி ஒங்கம்மாகிட்ட வசவு கேப்பே.

நம்பர் 169.254-ன்னு தொடங்குனா? அது வேற கதை. கேட்டுக் கேட்டுப் பாத்து, எவனும் நம்பர் குடுக்கலைன்னதும் மெஷின் தானே ஒண்ணைப் போட்டுக்கிட்டதுன்னு அர்த்தம். ஒயரைப் பாரு, ரவுட்டரைப் பாரு, ஷேரிங் பக்கம் போகவே வேண்டாம். இன்னொண்ணு, அன்னைக்கு "என் ஐபி அட்ரஸ் 192.168.0.103, யாருக்கும் சொல்லக்கூடாது"ன்னு ஒன் தங்கச்சிகிட்ட ரகசியம் பேசுனியே. அந்த வரிசை 1996-லேயே ஆர்எஃப்சி 1918ங்கிற ஏட்டுல வீட்டு உபயோகத்துக்கும் ஆபீஸ் உபயோகத்துக்கும்னு ஒதுக்குனது. லட்சக்கணக்கான வீட்டுல அதே நம்பர் ஓடிக்கிட்டிருக்கு. வெளி இன்டர்நெட்டுல அதுக்கு மதிப்பே கெடையாது. தாராளமா ஊருக்கே சொல்லு.

வைஃபை பேரு என்னன்னு பாத்தியா? பேருக்குப் பின்னால கெஸ்ட்டுன்னு இருக்கா? சில வீட்டுல இந்தக் கூத்தும் நடக்கும். விருந்தாளிக்குன்னு வச்ச வைஃபையில வீட்டுப் பிள்ளை போய் உக்காந்திருக்கும். அந்தக் கெஸ்ட்டு வழியில இருக்கிறவன் இன்டர்நெட்டுக்குப் போகலாம், வீட்டுல இருக்கிற வேற மெஷினைத் தொடக்கூடாது. அதை வச்சதே அதுக்குத்தான். ரவுட்டர்ல ஏபி ஐசொலேஷன்னோ கிளையன்ட் ஐசொலேஷன்னோ ஒரு பொத்தான் ஆன்ல கெடந்தாலும் இதே கதிதான். 2.4-க்கு ஒரு பேரு, 5-க்கு ஒரு பேருன்னு இருக்கிறதை நெனைச்சுக் கவலைப்படாத, பெரும்பாலும் அது ரெண்டும் ஒரே நெட்வொர்க்குதான்.

நம்பர் சரியாச்சா? இப்ப அதே கறுப்பு ஜன்னல்ல பிங் அடி, அதாவது "இருக்கியா"ன்னு கூப்பிட்டுப் பாரு. நேரா அடுத்த மெஷினுக்கு அடிக்காத, முதல்ல ரவுட்டருக்கு அடி. அது பதில் சொன்னா ஒன் பக்கம் ஒயரு நல்லா இருக்கு. அப்புறம் அடுத்த மெஷினு. "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்"னு வந்தா உடனே ஒப்பாரி வைக்காத. அந்தப் பக்கம் ஃபயர்வால் காதுல வாங்கியும் வாங்காத மாதிரி இருக்கலாம். அதே ஒன் நம்பரையே போட்டு "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்"னு வந்தா, ஒன் நெட்வொர்க்குல அந்த நம்பர்ல ஆளே பதில் சொல்லலைன்னு அர்த்தம். மெஷின் தூங்குதோ, வேற நம்பருக்கு மாறிட்டுதோ, நடுவுல எவனோ மறிக்கானோ, அதைப் பாரு. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி வந்தாலும் ரெண்டும் ஒண்ணு இல்ல.

இனிமே சொல்லப்போறதுதான் எனக்குச் சிரிப்பாணியை அடக்க முடியாத இடம். விண்டோஸ் 10-ஓ 11-ஓ, ஒரு வைஃபையில மொத தடவை சேரும்போது இது பப்ளிக்கா பிரைவேட்டான்னு முடிவு பண்ணும். 10-ல "மத்த மெஷினுக்கு இந்த மெஷின் தெரியலாமா"ன்னு ஒன்னையக் கேக்கும். அந்தக் கேள்வியை நீ வாசிச்சியா? வாசிச்சிருக்க மாட்டே. சினிமா பாக்குற அவசரத்துல நோன்னு தட்டியிருப்பே. 11 கேக்கவே செய்யாது, புது நெட்வொர்க்குன்னா தானா பப்ளிக்னு வச்சுக்கிடும். பப்ளிக்னா என்ன? ரயில்வே ஸ்டேஷன், லாட்ஜு, ஏர்போர்ட்டு. "யாருக்கும் தெரியாம ஒளிஞ்சுக்கோ"ன்னு நீயே உத்தரவு போட்டுட்டு, நீயே "காணோமே, காணோமே"ன்னு தேடுதே. அது பாவம், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒளிஞ்சு கெடக்கு. ஒங்க வீட்டுல சொன்ன பேச்சைக் கேக்குறது அது ஒண்ணுதான், அதையும் ஏசுதே!

செட்டிங்ஸ்ல நெட்வொர்க்குக்குப் போயி, வைஃபையோட பண்புகளைத் திறந்து பிரைவேட்னு மாத்து. ரெண்டு மெஷின்லயும் மாத்தணும், ஒண்ணுல மட்டும் மாத்திட்டு வந்து நிக்காத. அப்புறம் அட்வான்ஸ்டு ஷேரிங்ல நெட்வொர்க் டிஸ்கவரியும் ஃபைல் ஷேரிங்கும் ஆன்ல இருக்கான்னு பாரு. ரவுட்டரை மாத்துனே, விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்குன்னு எடுத்துக்கிட்டு மறுபடி பப்ளிக்குக்குப் போயிரலாம். "போன மாசம் வரைக்கும் நல்லா இருந்துச்சு மாமா"ங்கிறவன் பாதிப் பேரு ரவுட்டர் மாத்துனவன்தான்.

டிஸ்கவரியை ஆன் பண்ணுனா தானா ஆஃப் ஆயிருதா? சர்வீசஸ்ங்கிற பட்டியல்ல நாலு பேரு ஓடணும்: டிஎன்எஸ் கிளையன்ட், எஸ்எஸ்டிபி டிஸ்கவரி, யுபிஎன்பி டிவைஸ் ஹோஸ்ட், ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன். கடைசியா சொன்னதுதான் "நான் இங்க இருக்கேன்"னு அறிவிக்கிறவன். அவன் தூங்கிட்டா ஒன் பேரு அடுத்தவன் ஜன்னல்ல வராது. அவனைத் தானா கெளம்புற மாதிரி ஆட்டோமேட்டிக்ல வையி.

இப்ப ஒரு உண்மையைச் சொல்லுதேன், காதைக் குடு. அந்த ஜன்னல்ல பேரு வராததை நீ ரொம்பப் பெருசா எடுத்துக்கிட்டே. மொய் நோட்டுல பேரு இல்லைங்கிறதுக்காக அந்த ஆளு கல்யாணத்துக்கே வரலைன்னு சொல்லுவியா? பந்தியில உக்காந்து ரெண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கிட்டிருப்பான். விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேத்து அமுக்கு. வர்ற பெட்டியில \\192.168.1.7-னு நேரா நம்பரை அடிச்சு என்டரைத் தட்டு. திறந்துதா? அப்ப ஒனக்கு வேலை முடிஞ்சுது. அந்த போல்டரை மேப் பண்ணி ஒரு டிரைவா வச்சுக்கோ. ரவுட்டர்ல அந்த மெஷினுக்கு அதே நம்பரை எப்பவும் குடுக்குற மாதிரி ஒதுக்கி வச்சிரு. பேரு வந்தா என்ன, வராட்டி என்ன?

நம்பர்ல திறந்து பேருல திறக்கலைன்னா கோளாறு பேர்ல மட்டும்தான். ரெண்டு மெஷினுக்கு ஒரே பேரு வச்சிருக்கியான்னு பாரு. பழைய வழியில பேரு 15 எழுத்துக்கு மேல போனா வெட்டிரும். எதிர்கால சூப்பர் ஸ்டார் கேமிங் பிசின்னு நீட்டி முழக்காம சின்னதா வையி.

அந்தக் காலத்துல இந்தப் பட்டியலைத் தயாரிச்ச விதம் தெரியுமா? விண்டோஸ் 95, 98, எக்ஸ்பி காலத்துல கம்ப்யூட்டருக தங்களுக்குள்ள நெசமாவே எலெக்ஷன் நடத்தும்லே. பேரே எலெக்ஷன்தான். புது விண்டோஸுக்குக் கூடுதல் மதிப்பு, ரொம்ப நேரமா ஆன்ல இருக்கிறதுக்கு ஒரு மதிப்பு. ஜெயிச்சவன் மாஸ்டர் பிரவுசர், பட்டியல் அவன்கிட்ட. ஒவ்வொரு மெஷினும் 12 நிமிஷத்துக்கு ஒருக்க "இருக்கேன்"னு சொல்லணும். மூணு தடவை சொல்லலைன்னாத்தான் பேரை அடிப்பான். அந்தச் சேதி எல்லாருக்கும் போய்ச் சேர 51 நிமிஷம் வரைக்கும்கூட ஆகும். செத்தவன் பேரு பட்டியல்ல இருக்கும், உயிரோட இருக்கிறவன் பேரு இருக்காது. ஓட்டர் லிஸ்ட்டு பாத்த நமக்கு இதெல்லாம் ஆச்சரியமா?

அந்தப் பழைய முறை எஸ்எம்பி 1-ங்கிற பாஷையை நம்பி இருந்துச்சு. 2017 மே மாசம் வானாக்ரைன்னு ஒண்ணு வந்து, அந்தப் பாஷையில இருந்த ஓட்டை வழியா நுழைஞ்சு, நூத்தம்பதுக்கு மேற்பட்ட நாட்டுல ஃபைலையெல்லாம் பூட்டிப் பணம் கேட்டுச்சு. இங்கிலாந்துல அரசாங்க ஆஸ்பத்திரிகளே முடங்குச்சு. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சு மாசமே குடுத்துட்டான். "அப்டேட் வேண்டாம், நாளைக்குப் பாத்துக்கலாம்"னு தள்ளுனவன்தான் நெறைய மாட்டுனான். ஒன்னைய மாதிரி. அந்த வருஷக் கடைசியில வந்த விண்டோஸ் 10-ல எஸ்எம்பி 1 தானா இன்ஸ்டால் ஆகுறதையே நிறுத்திட்டான். அடுத்த வருஷம், வீட்டு மெஷினுக தங்களுக்குள்ள ஃபைலைப் பகிர்ந்துக்கிட்ட ஹோம்குரூப்பையும் எடுத்துட்டான். அதான் ஒங்கப்பா "முன்னெல்லாம் தெரிஞ்சுதே"ன்னு புலம்புதாரு.

இதுக்குத்தான் சொல்லுதேன்: வீடியோவுல ஒருத்தன் "ஃபிரெண்ட்ஸ், எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணுங்க, அஞ்சே நிமிஷத்துல வேலை முடிஞ்சிரும்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுதான் பாரு, அவன் பேச்சைக் கேக்காத. 2017-லேயே சாத்துன கதவை ஒரு போட்டோ போல்டருக்காகத் திறக்காத. பழைய பிரின்டரோ, நெட்வொர்க்குல ஃபைல் சேத்து வைக்கிற பழைய நாஸ் பெட்டியோ அந்தப் பாஷை மட்டும்தான் பேசும்னா அதோட மென்பொருளைப் புதுப்பி, முடியலைன்னா அதை மாத்து. பாஸ்வேர்டே கேக்காம எல்லாரையும் விட்ட நாஸ் பெட்டி, விண்டோஸ் 11-ல 24எச்2 அப்டேட் போட்டதும் திறக்க மாட்டேங்குதுன்னா, அதுக்குள்ள ஒரு யூசரும் பாஸ்வேர்டும் போட்டு வையி. விண்டோஸோட கட்டுப்பாட்டைத் தளர்த்தாதே.

பாஸ்வேர்டு கேட்டு வெரட்டுதுன்னா கேளு. ஒங்கப்பா டெஸ்க்டாப்புக்குப் பாஸ்வேர்டே கெடையாது, தட்டுனாத் திறக்கும். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியா உள்ள விடவே விடாது. வெறுமனே என்டரைத் தட்டித் தட்டி கீபோர்டு தேஞ்சதுதான் கண்ட பலன். ஒன் லேப்டாப்புல போடுற நாலு எண்ணு பின் இருக்கே, அதுவும் ஒன் மூஞ்சியைக் காட்டித் திறக்குறதும் அந்தந்த மெஷினோட நின்னுபோகும். அடுத்த மெஷின்கிட்ட கணக்கோட நெசமான பாஸ்வேர்டைத்தான் சொல்லணும். சுருக்கு வழி, டெஸ்க்டாப்புல ஷேரிங்குக்குன்னே தனியா ஒரு கணக்கு போட்டு, அதுக்கு நல்ல பாஸ்வேர்டா வையி. போல்டர்ல ஷேரிங் அனுமதி ஒண்ணு, செக்யூரிட்டி அனுமதி ஒண்ணு, ரெண்டு இடத்துலயும் அந்தக் கணக்கு இருக்கணும். ரெண்டுல எது கெடுபிடியோ அதுதான் ஜெயிக்கும். போட்டோ போல்டரை மட்டும் குடு. சி டிரைவ் முழுசையும் எவ்ரிஒன்னுக்குத் திறந்து விட்டுட்டு "மாமா வேலை முடிஞ்சுது"ன்னு வந்தேன்னா, நான் ஏணியைத் தூக்கிக்கிட்டு வருவேன்.

ஆபீஸ் லேப்டாப்பா இது? அதை முதல்லயே சொல்லியிருக்க வேண்டாமா! ஆபீஸ் விபிஎன் ஓடும்போது பக்கத்துல இருக்கிற வீட்டு மெஷினுக்குப் போற வழியையே அடைச்சு வச்சிருப்பாக. விபிஎன்னை நிறுத்திட்டுச் சோதிச்சுப் பாரு. அப்பவும் வரலைன்னா அவுக வச்ச கட்டுப்பாடு, அதை ஒடைக்கப் பாக்காத. வேலை போனா ஒங்கம்மா என்னையத்தான் ஏசுவா. ஆபீஸ் லேப்டாப்புல வீட்டுப் போட்டோ எதுக்குன்னு அவன் கேட்டாலும் ஒன்கிட்ட பதில் இருக்காது.

கடைசியா ஆன்டிவைரஸ். காசு குடுத்து வாங்குனதுல பல, தன்னோட ஃபயர்வாலைக் கூடவே கூட்டிக்கிட்டு வரும். விண்டோஸ்ல நீ பிரைவேட்னு மாத்துனது அதுக்குத் தெரியாது, அதுக்குள்ளேயும் ஒருக்க வீட்டு நெட்வொர்க்குன்னு சொல்லணும். சந்தேகம்னா ரெண்டு நிமிஷம் நிறுத்திப் பாரு, காரணம் அதுதான்னு தெரிஞ்சதும் திரும்பப் போட்டுட்டு உள்ள போயி விதியை மாத்து. நிறுத்துறது சோதிக்கிறதுக்குத்தான்.

நீ மட்டும் என்ன பண்ணியிருக்கே? நான் உள்ள வரும்போதே பாத்தேன், கீழ டெஸ்க்டாப்புல மூலையில இருக்கிற ஷீல்டு மேல சிவப்புல பெருக்கல் குறி. காலையில ஆஃப் பண்ணுன ஃபயர்வால் இன்னும் ஆஃப்லயே கெடக்கு. லேப்டாப்புலயும் அதைத்தான் பண்ணியிருப்பே. எந்திரி, மொத வேலையா ரெண்டையும் ஆன் பண்ணிட்டு வா. மாடி ரவுட்டர் கேபிளை அதுக்குப் பெறகு பாத்துக்கலாம்.